நிற்கவைத்தும் பிரஷர் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரை பிறந்தால் மதுரைச் செய்திகளில் "கூட்டத்தில் நின்ற முதியவர் மயங்கி விழுந்தார்" என்ற வரி வராமல் போவதில்லை. வெயில், பட்டினி, நெரிசல் என்று காரணம் எழுதி முடித்துவிடுகிறோம். காரணங்கள் தவறல்ல. ஆனால் அதே வெயிலில், அதே நெரிசலில் பக்கத்தில் நின்ற நூறு பேர் விழவில்லை. இவர் மட்டும் ஏன் விழுந்தார்? இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. பல நேரங்களில் இதற்கான விடை ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நரம்புகளில் இருக்கிறது. எட்டு நிமிடமும் ஒரு பிரஷர் கருவியும் இருந்தால் அதைக் கண்டுபிடித்துவிடலாம். அதை ஏன் நம் ஊரில் வழக்கமாகச் செய்வதில்லை என்று கேட்கவே இந்தக் கடிதம்.

முதலில் 'நரம்பு' என்ற சொல்லையே தெளிவுபடுத்த வேண்டியிருக்கிறது. "ஊசி போட நரம்பு கிடைக்கல" என்று நாம் சொல்வது ரத்தக் குழாயை. "நரம்புத் தளர்ச்சி" என்று சுவரொட்டிகளில் எழுதியிருப்பது இன்றைய மருத்துவம் தனி நோயாக ஏற்காத ஒன்று. இரண்டுக்கும் நடுவில் உண்மையான நரம்பு நோய் காணாமல் போகிறது. கிறுகிறுப்பு என்று வருபவர் "நரம்பு ஊசி" என்ற பெயரில் வைட்டமின் ஊசியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார். பி12 குறைவாக இருந்தால் அந்த ஊசி உதவும். இல்லையென்றால் உதவாது.

நாம் எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை ரத்தம் நெஞ்சிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. அப்படியே விட்டால் மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்துவிடும். கழுத்தின் இரு பக்கமும் பெரிய தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும், இதயத்துக்கு மேலே பெருந்தமனி வளையும் இடத்திலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் இறங்கியதை அவை உடனே மூளைத்தண்டுக்குச் சொல்கின்றன. அங்கிருந்து வரும் ஆணையால் கால்களிலும் வயிற்றிலும் உள்ள ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. இதயம் கொஞ்சம் வேகமாக அடிக்கிறது. எல்லாம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால் நமக்குத் தெரிவதே இல்லை. நம் விருப்பத்தைக் கேட்காமல் வேலை செய்யும் இந்த நரம்புகளுக்குத் தானியங்கி நரம்பு மண்டலம் என்று பெயர். இவை பழுதானால் ஆணை போய்ச் சேராது, குழாய் இறுகாது, அழுத்தம் சரியும். மூளைக்கு ரத்தம் ஆறேழு நொடி நின்றாலே நினைவு தப்பிவிடும்.

"மயக்கமா வருது" என்று சொல்பவரிடம் அடுத்து ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். எப்போது, என்ன செய்யும்போது? நிற்கும்போதோ நடக்கும்போதோ கண் இருட்டிக்கொண்டு வந்து, உட்கார்ந்தால் சரியாகிறது என்றால் அது பிரஷர் சரிவு. பிடரியிலும் தோள்பட்டையிலும் வலி வந்து, படுத்தால் மறைந்துவிடுவதும் அதன் அடையாளம்தான். அந்தத் தசைகளுக்கும் ரத்தம் போதவில்லை என்று பொருள். படுக்கையில் புரளும்போதோ பரணை அண்ணாந்து பார்க்கும்போதோ வீடே சுற்றி, ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடுகிறது என்றால் அது பெரும்பாலும் உட்காதில் இடம் மாறிய சுண்ணாம்புத் துகள்களால் வருவது. தலையைக் குறிப்பிட்ட வரிசையில் திருப்பிப் படுக்கவைக்கும் பயிற்சியில் பலருக்கு ஓரிரு நாளில் சரியாகிவிடும். இவர்களில் எத்தனை பேர் "கழுத்து எலும்பு தேய்மானம்" என்று மாதக்கணக்கில் கழுத்துப் பட்டையோடு திரிகிறார்கள்! இன்னொரு வகை இருக்கிறது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இருட்டில் நடக்கும்போதும், முகம் கழுவக் கண்ணை மூடும்போதும் மட்டும் தள்ளாடுகிறது என்றால் பாதத்திலிருந்து மூளைக்குச் செய்தி கொண்டுபோகும் உணர்வு நரம்புகள் கெட்டிருக்கின்றன. பாதம் எங்கே இருக்கிறது என்று மூளைக்குத் தெரியவில்லை. கண் பார்த்துச் சொல்லும்வரை சமாளிக்கிறது. சர்க்கரை நோயும் பி12 குறைவும் இதற்கு முக்கியக் காரணங்கள். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு பி12 குறையலாம் என்பதால் அவர்கள் அந்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

தானியங்கி நரம்புகளைக் கெடுப்பதில் நம் ஊரில் முதலிடம் சர்க்கரை நோய்க்குத்தான். அடுத்து கை நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்கின்சன் நோயும் அதைச் சார்ந்த மூளைத் தேய்வு நோய்களும்; நீண்ட நாள் மது; அபூர்வமாக வேறு சில. சர்க்கரை நோய் நீளமான நரம்புகளை முதலில் தாக்கும். கால் எரிச்சல் பாதத்தில் தொடங்குவது அதனால்தான். இதயத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வேகஸ் நரம்பும் நீளமானது. அது கெட்டால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 100-ஐத் தொடும். குழாய்களை இறுக்கும் நரம்புகள் கெடுவது பெரும்பாலும் அதற்குப் பிறகு. அந்தக் கட்டத்தில் பாதம் வியர்ப்பது நின்றுவிட்டிருக்கும். சாப்பிட்டவுடன் முகத்தில் மட்டும் வியர்த்துக் கொட்டலாம். நாலு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்த மாதிரி இருக்கலாம், இரவில் வயிற்றுப்போக்கு வரலாம், ஆண்களுக்கு விறைப்புக் குறையலாம். வேறு வேறு மருத்துவரிடம் வேறு வேறு நோயாகச் சொல்லப்படும் இவையெல்லாம் ஒரே பழுதின் கிளைகள். கவலைக்குரியது இன்னொன்று: இந்த நரம்புகள் கெட்டவருக்கு மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமல் வரலாம், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கும்போது வரவேண்டிய படபடப்பும் நடுக்கமும் வராமல் போகலாம். எனவே சர்க்கரை நோயாளி கிறங்கினால் முதலில் குளுக்கோமீட்டரில் விரலைக் குத்திப் பாருங்கள். அதற்குப் பிறகு பிரஷர்.

இனி அளக்கும் முறை. ஐந்து நிமிடம் மல்லாக்கப் படுக்கவைத்து, பேசவிடாமல், பிரஷரையும் நாடியையும் குறிக்க வேண்டும். பட்டையைக் கழற்றாமல் எழுந்து நிற்கச் சொல்லி, ஒரு நிமிடம் ஆனதும் ஒரு முறை, மூன்று நிமிடம் ஆனதும் ஒரு முறை. நிற்கும்போது கையைத் தொங்கவிட்டால் கருவி கூடுதலாகக் காட்டும். இருக்கும் சரிவு மறைந்துவிடும். முழங்கையைப் பிடித்து நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி வைக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நின்றுகொள்ளட்டும், பின்னால் நாற்காலியோ கட்டிலோ இருக்கட்டும்; கிறங்கினால் அளவை முடிக்கக் காத்திருக்காமல் உட்காரவைத்துவிடுங்கள். மேல் அளவு 20-ம் அதற்கு மேலும், அல்லது கீழ் அளவு 10-ம் அதற்கு மேலும் இறங்கினால் அது நிலைமாற்றத்தால் வரும் ரத்த அழுத்தச் சரிவு. படுக்க இடமில்லாத வெளிநோயாளர் பிரிவில் உட்காரவைத்து அளந்து, பிறகு நிற்கவைக்கலாம். அப்போது மேல் அளவு 15 இறங்கினாலே போதும், சந்தேகப்பட வேண்டும்.

நாடியை ஏன் எழுதச் சொல்கிறோம்? காரணம் நரம்பா, நீர் வறட்சியா என்பதை அதுதான் பிரித்துக் காட்டும். எடுத்துக்காட்டாக, படுத்திருக்கும்போது 150/80, நின்று மூன்று நிமிடத்தில் 104/66 என்று வைத்துக்கொள்வோம். 46 இறங்கியிருக்கிறது. நாடி 82-லிருந்து 88-தான் ஆனது என்றால் கட்டளை போய்ச் சேரவில்லை, நரம்புப் பழுது. அதே நாடி 115-க்கு ஏறியிருந்தால் நரம்பு ஒழுங்காக வேலை செய்கிறது. உடலில் நீரோ ரத்தமோ குறைவு. கணக்கு இதுதான்: நாடி ஏறிய எண்ணிக்கை, அழுத்தம் இறங்கிய எண்ணிக்கையில் பாதிக்கும் குறைவாக இருந்தால் நரம்பைச் சந்தேகிக்கலாம். அடெனலால், மெட்டோபிரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. நாடி ஏறாமல் அந்த மாத்திரையே பிடித்து வைத்திருக்கும். அளக்கச் சிறந்த நேரம் காலையில் எழுந்தவுடன். அப்போதுதான் சரிவு அதிகம். சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் இன்னொரு முறை பார்த்தால் நல்லது.

இந்த எடுத்துக்காட்டில் உள்ளவர் நாற்காலியில் உட்கார்ந்து மட்டும் பிரஷர் பார்த்திருந்தால் என்ன நடந்திருக்கும்? "கொஞ்சம் கூடுதலா இருக்கு" என்று இன்னொரு மாத்திரை சேர்ந்திருக்கும். நரம்புப் பழுது உள்ளவர்களில் பலருக்குப் படுத்தால் பிரஷர் ஏறும், நின்றால் இறங்கும். ஏறியதை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் இறங்குவது இன்னும் இறங்கும். இரவு சிறுநீர் கழிக்க எழும் முதியவர் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வதன் பின்னால் இப்படி ஒரு மாத்திரைச் சீட்டு இருக்கலாம்.

மாத்திரைகளைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்கான டாம்சுலோசின், பிரஷருக்கான பிரசோசின், நீர் மாத்திரைகள், நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை, பார்கின்சனுக்கான லெவோடோபா ஆகிய எல்லாமே நிற்கும்போது பிரஷரை இறக்கக்கூடியவை. கால் எரிச்சலுக்கு இரவில் கொடுக்கும் அமிட்ரிப்டிலினும் அப்படித்தான். கால் எரிச்சல் இருப்பவருக்கே தானியங்கி நரம்புகளும் கெட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதை நினைத்துப் பாருங்கள். எரிச்சல் போனது, ஆள் விழுந்தார் என்று ஆகிவிடும். அதற்காக எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது. எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள். கண் மருத்துவர் எழுதியது, எலும்பு மருத்துவர் எழுதியது, கடையில் கேட்டு வாங்கியது எல்லாம் அதில் இருக்க வேண்டும்.

மருந்துக்கு முன்னால் வீட்டிலேயே செய்யக்கூடியவை நிறைய. எழும்போது கட்டிலில் உட்கார்ந்து, காலைத் தொங்கவிட்டு, பாதத்தை இருபது முப்பது தடவை மேலும் கீழும் அசைத்து, இரண்டு நிமிடம் கழித்து நிற்க வேண்டும். பாயில் படுப்பவர்களுக்குத் தரையிலிருந்து நேரே எழுவது கடினமான ஏற்றம்; முடிந்தால் கட்டிலுக்கு மாறலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே செங்கல் இரண்டிரண்டாக அடுக்கினால் சுமார் ஆறு அங்குலம் உயரும். இது இரவில் பிரஷர் ஏறுவதையும் அதனால் சிறுநீராக நீரும் உப்பும் வெளியேறுவதையும் குறைப்பதால் காலைச் சரிவு குறைகிறது. தலையணையை அடுக்குவது இதற்கு ஈடாகாது. கழுத்துதான் மடங்கும், உடல் சரிவாகாது. காலையில் படுக்கையை விட்டு இறங்கும் முன் இரண்டு பெரிய டம்ளர், அதாவது அரை லிட்டர் பச்சைத் தண்ணீரை மூன்று நான்கு நிமிடத்துக்குள் குடித்தால் நரம்புப் பழுது உள்ளவருக்குப் பிரஷர் ஏறும். ஐந்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரத்தில் உச்சத்துக்கு வரும். இதய வீக்கம், சிறுநீரகக் கோளாறு இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் கேட்காமல் செய்யக் கூடாது. உப்பைக் கூட்டுவதும் அப்படித்தான், மருத்துவர் சொன்னால் மட்டும்.

இலை நிறையச் சோறு போட்டு, பாயசத்தோடு முடிக்கும் விருந்துச் சாப்பாடு இவர்களுக்கு ஆகாது. மாவுச்சத்து அதிகமான உணவு உள்ளே போனதும் குடலுக்கு ரத்தம் திரும்பும். இரண்டு மணி நேரம் வரை பிரஷர் தாழ்ந்தே இருக்கும். கல்யாண வீட்டில் பந்தி முடிந்து கை கழுவப் போகும் இடத்தில் பெரியவர்கள் சரிவது இதனால்தான். கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளையாகச் சாப்பிட வேண்டும். சாப்பிட்டவுடன் வெயிலில் நடக்கக் கூடாது. சூடான தண்ணீரில் குளிப்பதும் குழாய்களை விரிக்கும். இரவில் ஆண்கள் உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது. குத்துக்காலிட்டு உட்காரும் கழிப்பறையில் முக்கிவிட்டுச் சட்டென்று எழுவது இரட்டை ஆபத்து. நாற்காலி மாதிரி உள்ளதும், பக்கத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பியும் வேண்டும். இறுக்கமான காலுறை வாங்குவதாக இருந்தால் முழங்கால்வரை உள்ளதில் பயன் குறைவு. ரத்தம் அதிகம் தேங்குவது வயிற்றில். மருந்துக் கடையில் கிடைக்கும் வயிற்றுப் பெல்ட்டை எழும் முன் கட்டி, படுக்கும் முன் கழற்றுவது மேல். இவ்வளவுக்கும் அடங்காவிட்டால் மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்டிசோன் போன்ற மருந்துகள் உண்டு. மிடோட்ரினின் கடைசி வேளையை முடித்து நான்கு மணி நேரம் ஆகும்வரை படுக்கக் கூடாது என்பதை மட்டும் மறக்கவே கூடாது. படுத்தால் பிரஷர் எகிறிவிடும்.

நரம்புகள் நன்றாக இருப்பவர்களும் மயங்குவார்கள். பள்ளிக் காலை வழிபாட்டில் விழும் பிள்ளை, ரத்தம் எடுக்கும் ஊசியைப் பார்த்து விழும் இளைஞர், ரேஷன் கடை வரிசையில் விழும் கர்ப்பிணி. இங்கே நரம்பு சாகவில்லை, ஒரு நொடி எதிர்மாறாக வேலை செய்கிறது: வேகஸ் நரம்பு இதயத்தை மந்தமாக்க, குழாய்கள் இறுகுவதற்குப் பதில் விரிந்துவிடுகின்றன. இவர்களுக்கு முன்னறிவிப்பு உண்டு. குமட்டல், குளிர்ந்த வியர்வை, முகம் வெளுப்பு, காது அடைப்பு, பார்வை மங்கல். நரம்புப் பழுதில் இந்த வியர்வையும் குமட்டலும் பெரும்பாலும் இருக்காது, சத்தமில்லாமல் சரிவார்கள். முன்னறிவிப்பு வந்ததும் தொடைகளைக் குறுக்காகப் பின்னி, பிட்டத்தையும் வயிற்றையும் இறுக்கி, இரு கைகளையும் கோத்து வெளிப்பக்கமாக இழுத்தால் பிரஷர் நிமிரும். முடியாவிட்டால் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட வேண்டும். கூச்சப்பட்டு நின்றுகொண்டிருப்பவர்தான் விழுகிறார்.

அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க முந்தைய இரவிலிருந்தே வைகைக்குள் தூக்கமில்லாமல், பலர் விரதத்தோடு, நெரிசலில் அசையாமல் நிற்கிறார்கள். அசையாத கெண்டைக்கால் ரத்தத்தை மேலே தள்ளாது. குதிகாலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தாலே பாதி உதவி. பானகப் பந்தலும் நீர்மோர்ப் பந்தலும் அடுத்தடுத்து இருந்தால் சர்க்கரை நோயாளிகள் உப்பிட்ட நீர்மோரை எடுத்துக்கொள்ளட்டும். மல்லிகை பறிக்க விடியுமுன் வெறும் வயிற்றில் போய்க் குனிந்து குனிந்து நிமிரும் பெண்களுக்கும் இதே தண்ணீர், இதே உப்பு விதிதான். ரத்தசோகையும் சேர்ந்தால் அவர்கள் சரிவது இன்னும் எளிது.

விழுந்தவரைச் சுற்றி நாம் செய்வதில் பல தவறு. தூக்கி உட்காரவைக்கிறோம், சோடாவை வாயில் ஊற்றுகிறோம். விழுந்ததே உடல் தேடிக்கொண்ட மருந்து, ஏனென்றால் கிடந்தால்தான் மூளைக்கு ரத்தம் போகும். நிமிர்த்திப் பிடித்தால் மூளை தொடர்ந்து பட்டினி கிடந்து கைகால் இழுக்கத் தொடங்கும். உடனே "வலிப்பு" என்று சாவிக் கொத்தைக் கையில் திணிக்கிறோம். மயக்கத்தில் சில நொடி உதறல் வருவது சகஜம். அதைக் காக்காய்வலிப்பு என்று முத்திரை குத்தி ஆண்டுக்கணக்கில் வலிப்பு மாத்திரை சாப்பிடவைப்பது அநியாயம். நாக்கின் ஓரம் கடிபட்டிருப்பது, நிமிடக்கணக்கில் இழுப்பது, தெளிந்த பிறகும் வெகுநேரம் குழம்பிக் கிடப்பது இவைதான் வலிப்பைக் காட்டும். செய்ய வேண்டியது: மல்லாக்கப் படுக்கவைத்து, காலை ஓர் அடி உயர்த்தி, சட்டைப் பொத்தானையும் இடுப்புக் கட்டையும் தளர்த்தி, கூட்டத்தை விலக்க வேண்டும். வாந்தி வந்தால் ஒருக்களிக்க வேண்டும், கர்ப்பிணியை இடப்பக்கமாக. மூச்சு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நிமிடத்தில் தெளியாவிட்டால் 108. மூச்சே இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு நெஞ்சை அமுக்கத் தொடங்க வேண்டும். தெளிந்தாலும் பத்துப் பதினைந்து நிமிடம் கிடக்கட்டும். நன்றாகத் தெளிந்து, தானே டம்ளரைப் பிடித்தால்தான் தண்ணீர்.

எல்லா மயக்கமும் நரம்பு அல்ல. ஓடும்போதோ படி ஏறும்போதோ விழுந்தவர், படுத்திருக்கும்போதே நினைவு தப்பியவர், படபடப்போ நெஞ்சுவலியோ வந்து விழுந்தவர், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் உள்ளவர் ஆகியோர் அன்றே ஈசிஜி எடுத்தாக வேண்டும். கறுப்பு நிறத்தில் மலம் போனால் வயிற்றில் ரத்தக் கசிவு இருக்கலாம். தலைசுற்றலோடு வாய் குழறி, பார்வை இரண்டாகத் தெரிந்து, நிற்கவே முடியவில்லை என்றால் பக்கவாதம். ஒரு நிமிடமும் வீணாக்காமல் அரசு ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரணம் தெரியும்வரை இரண்டு சக்கர வாகனம் ஓட்டக் கூடாது.

சுகாதாரத் துறையிடம் நாங்கள் கேட்பது பெரிய கருவி எதுவும் அல்ல. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஊழியர்கள் வீடு தேடி வந்து பிரஷரும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கருவி அவர்கள் கையிலேயே இருக்கிறது; நோயாளியின் கட்டிலும் அங்கேயே இருக்கிறது. 65 வயதைக் கடந்தவர்கள், சர்க்கரை நோய் வந்து பத்தாண்டு ஆனவர்கள், பார்கின்சன் உள்ளவர்கள், ஒருமுறையாவது விழுந்தவர்கள் ஆகியோருக்கு ஆண்டுக்கு இரு முறையும், புதிய பிரஷர் மாத்திரை தொடங்கும் ஒவ்வொரு முறையும் நிற்கவைத்து அளக்கச் சொல்லுங்கள். நோயாளியின் குறிப்பேட்டில் இப்போது உள்ள ஒரு பிரஷர் கட்டத்துக்குப் பக்கத்தில் 'நின்று 1 நிமிடம்', 'நின்று 3 நிமிடம்', 'நாடி' என்று மூன்று கட்டங்கள் சேர்த்தால் போதும். மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் தொடங்கலாம். தங்கள் நாளிதழும் சித்திரைத் திருவிழா நிகழ்ச்சி நிரல் வெளியிடும் பக்கத்தில், விழுந்தவரை எப்படிப் படுக்கவைப்பது என்று ஒரு சிறு கட்டம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
நரம்பு நோயாளிகளைப் பராமரிக்கும் செவிலியர்களும் இயன்முறை சிகிச்சையாளர்களும்,
மதுரை.